சென்டோசாவில் மரியோ உலகம் திறக்கும் முன்: மதுரைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர் சென்டோசா தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டுடியோஸில் சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்டு என்ற புதிய பகுதி வருகிறது. மரியோ வீடியோ கேமை அப்படியே நடந்து திரியும் இடமாகக் கட்டும் பகுதி இது. அதே விரிவாக்கத்தில் வந்த மினியன் லேண்டு 2025 பிப்ரவரியில் திறந்துவிட்டது. அதனால் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் "அடுத்து மரியோதானே, எப்பப் போறோம்?" என்ற கேள்வி நிச்சயம் வரும்.

மதுரையிலிருந்து இப்படிக் கிளம்பும் குடும்பங்களுக்கு நான் கூட இருந்து உதவுவது வழக்கம். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் பணத்தால் இல்லை, வேலைகளைச் செய்யும் வரிசையால். விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை என்று அப்புறம் கண்டுபிடிப்பார்கள். அந்த வரிசையை நேராக்கத்தான் இந்த வழிகாட்டி.

1. வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம், திறப்புத் தேதி தெரியாமலே செய்யக்கூடிய வேலைகள்: பாஸ்போர்ட், பிள்ளையின் உயரம், ஒத்திகை, எந்த வாரம் போகலாம் என்ற முடிவு, சேமிப்பு. வலது பக்கம், தேதி உறுதியான பிறகு மட்டும் செய்ய வேண்டியவை: ஹோட்டல், பூங்கா டிக்கெட், விமானம், விசா.

இடது பக்க வேலைகள் மெதுவானவை. அலுவலகம், சரிபார்ப்பு என்று வாரக்கணக்கில் இழுக்கும். வலது பக்க வேலைகள் ஒரே வாரத்தில் முடிந்துவிடும், ஆனால் பணம் மாட்டிக்கொள்ளும். ஆகவே காத்திருக்கும் காலத்தை இடது பக்கத்துக்குக் கொடுங்கள். தேதி வரும்வரை வலது பக்கத்தைத் தொடாதீர்கள்.

2. பிறப்புச் சான்றிதழிலிருந்து பாஸ்போர்ட்டுக்கு

பாஸ்போர்ட் படிவத்தைத் திறப்பதற்கு முன் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் பலருக்குப் பெயர் சூட்டும் முன்பே பிறப்பு பதிவாகிவிடும். அப்படிப் பதிவானதில் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். பிறந்த ஓராண்டுக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். மாநகராட்சியில் பதிந்திருந்தால் அங்கே, கிராமம் பேரூராட்சி என்றால் அந்தந்தப் பதிவாளரிடம் போக வேண்டும். பிறந்த இடம் எதுவோ அங்கேதான் பதிவு இருக்கும். உசிலம்பட்டியில் குடியிருந்தாலும் பிரசவம் மதுரை ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் மதுரைக்குத்தான் வர வேண்டும்.

2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு வேறு ஆவணங்களும் செல்லும் என்றாலும், கையில் சான்றிதழ் இருந்தால் கேள்வியே வராது.

அடுத்தது இனிஷியல். நமக்கு இதுதான் பெரிய சிக்கல். பாஸ்போர்ட்டில் எழுத்தாக இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். 'எஸ். கார்த்திக்' என்பவர் 'கார்த்திக் சுந்தரம்' ஆவார். அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவதா, காலியாக விடுவதா என்று வீட்டில் ஒரு முடிவு எடுத்து, அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் பாஸ்போர்ட் கிடைத்துவிடும். ஆனால் பல விமான இணையதளங்கள் அந்தக் கட்டம் நிரம்பாமல் மேலே போகவே விடாது. ஆளாளுக்கு ஒன்றை நிரப்பி, டிக்கெட்டில் ஒரு பெயர், விசாவில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். புதிதாக எடுக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆதாரில் பெயர் வேறு மாதிரி இருந்தால் அதை முதலில் திருத்திக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி (இணைப்பு 'டி') தேவை. அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கும் குடும்பங்கள் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் நிறைய உண்டு. அவர் ஊருக்கு வரும் விடுமுறையிலேயே இதை முடித்துவிடுங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், சிறுவர்களுக்கு 1,000 ரூபாய். தட்கலுக்கு அதற்கு மேல் 2,000 ரூபாய் கூடுதல். இப்போதே தொடங்கினால் தட்கல் தேவைப்படாது.

பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கடைசித் தேதியைப் பாருங்கள். சிங்கப்பூருக்குள் நுழைய ஆறு மாதமாவது செல்லுபடி மீதம் இருக்க வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் வரும், அதனால் வீட்டில் முதலில் காலாவதியாவது பிள்ளையுடையதாகவே இருக்கும்.

3. உயரத்தைச் சுவரில் குறியுங்கள்

ஜப்பானின் ஒசாகாவில் ஏற்கெனவே உள்ள சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்டில், மரியோ கார்ட் என்ற கார்ப் பந்தயச் சவாரிக்குத் தனியாக ஏற 122 சென்டிமீட்டர் வேண்டும். பெரியவர் துணையோடு என்றால் 107. யோஷி சவாரிக்குத் துணையோடு 92 போதும். அமெரிக்காவின் ஹாலிவுட் பூங்காவில் மரியோ கார்ட்டுக்குத் துணையோடு 40 அங்குலம், அதாவது சுமார் 102. சிங்கப்பூர் அளவு அந்தப் பூங்காவின் பக்கத்தில் எப்படி வருகிறதோ அதுதான் இறுதி. அதுவரை 107 என்று வைத்துத் திட்டமிடுங்கள். அந்த அளவைத் தாண்டிய பிள்ளைக்கு ஏமாற்றம் வர வாய்ப்பு குறைவு.

வெறுங்காலில், குதிகால் சுவரில் ஒட்ட நிற்க வைத்து அளந்து பாருங்கள். செருப்போடு அளந்து "107 இருக்கு" என்று கூட்டிப்போய், வாசலில் அளவுக்கோலுக்குக் கீழே நின்று பிள்ளை அழுவதைப் பார்ப்பது கொடுமை. இப்போது 103 என்றால் கவலை வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்வார்கள். சில மாதம் தள்ளிப் போவதே உங்களுக்கு லாபம்.

122க்குக் கீழே எத்தனை பிள்ளைகள், கூட ஏறத் தயாராக எத்தனை பெரியவர்கள் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். அப்பத்தாவும் அம்மாச்சியும் துணைக்கு வருகிறார்கள் என்பதற்காகச் சவாரியில் ஏறுவார்கள் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஓர் அளவு உண்டு. ஹாலிவுட் மரியோ கார்ட்டில் இடுப்புச் சுற்றளவு 40 அங்குலமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு இருக்கையின் பாதுகாப்புப் பட்டை பொருந்தாமல் போகலாம் என்று அறிவிப்பே இருக்கிறது. வரிசைக்கு வெளியே உட்கார்ந்து பார்க்க மாதிரி இருக்கை வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் முதலில் அதில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று திரும்பி வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

4. பரவையில் ஓர் ஒத்திகை

வெளிநாட்டுக்குப் போகும் முன் ஒரு நாள் முழுக்க உள்ளூர் பூங்காவில் கழியுங்கள். மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் 'அதிசயம்' என்ற பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. இங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: இருட்டான சவாரியில் பிள்ளை பயப்படுகிறதா, எத்தனை மணி நேரத்தில் சோர்ந்து சிடுசிடுக்கிறது, வரிசையில் நிற்கும்போது யாருக்குக் கால் வலிக்கிறது.

மரியோ கார்ட் வேகமான சவாரி இல்லை. ஆனால் இருட்டு, சத்தம், நெற்றியில் ஒரு பட்டை, அதில் மாட்டும் கண்ணாடித் திரை என்று எல்லாம் ஒன்றாக வரும். மூக்குக்கண்ணாடி போட்டபடியே அதை மாட்டலாம். எதைத் தலையில் மாட்டினாலும் பிடுங்கி எறியும் குழந்தையை இப்போதே ஹெல்மெட், வெயில் தொப்பி என்று பழக்குங்கள்.

கூடவே கதாபாத்திரங்களையும் அறிமுகம் செய்யுங்கள். மரியோ, லூயிஜி, பீச், யோஷி, பவுசர் யார் என்று தெரியாத பிள்ளைக்கு அந்தப் பகுதி வெறும் கலர் கட்டடம். சூப்பர் மரியோ ரன் என்ற மொபைல் கேமின் தொடக்கக் கட்டங்கள் இலவசம், அதுவே போதும். தொண்ணூறுகளில் கேசட் போட்டு டிவியில் மரியோ ஆடிய அப்பாமார் வீட்டில் இருந்தால், பாடம் நடத்த அவர்களே தயாராக இருப்பார்கள்.

5. எந்த வாரம் போவது

இந்தப் படியில் எடுக்கும் முடிவுதான் பயணத்தின் தரத்தையே மாற்றும். எனவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் பள்ளி விடுமுறையையும் சிங்கப்பூர் பள்ளி விடுமுறையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே மார்ச் நடுவில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடிய நீண்ட விடுமுறை. நமக்கு மே முழுக்க கோடை விடுமுறை, செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை.

இதில் அரையாண்டு விடுமுறையை அடித்துவிடுங்கள். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு மூன்றும் அதில் சேர்ந்து வரும், போதாக்குறைக்கு மழைக்காலம். இடி மின்னல் வந்தால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். காலாண்டு விடுமுறையில் அக்டோபர் முதல் வாரத்தைத் தவிருங்கள். சீனாவில் அப்போது தேசிய விடுமுறை வாரம், அந்தக் கூட்டம் சிங்கப்பூருக்கும் வரும்.

மிஞ்சுவது மே. அதிலும் முதல் ஐந்து நாள் சீனாவின் உழைப்பாளர் தின விடுமுறை. அதற்குப் பிறகு, சிங்கப்பூர் ஜூன் விடுமுறை தொடங்கும் முன் உள்ள மே இரண்டாம், மூன்றாம் வாரம்தான் நமக்கென்றே அமைந்த இடைவெளி. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை, அங்குள்ள பிள்ளைகள் பள்ளியில். அந்த வாரத்திலும் செவ்வாய், புதன், வியாழனில் பூங்காவுக்குப் போங்கள். பெரும்பாலும் மே மாதத்தில் வரும் விசாக தினம் (புத்தர் திருநாள்) அங்கே பொது விடுமுறை, அதை மட்டும் நாட்காட்டியில் பார்த்து விலக்குங்கள்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சித்திரைத் திருவிழா சில ஆண்டு ஏப்ரலில் முடியும், சில ஆண்டு மே நடுவரை போகும். அழகர் ஆற்றில் இறங்குவதை விட்டுவிட்டுக் கிளம்ப வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு வரும் வாரம் என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி.

திறந்த முதல் நாளே போக வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது, திறந்து மூன்று மாதமாவது கழித்துப் போங்கள். புதிய சவாரிகள் தொடக்கத்தில் அடிக்கடி நின்றுபோகும். கூட்டத்தை எப்படி உள்ளே விடுவது என்பதையும் பூங்காக்காரர்கள் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே குடியிருப்பவர் மறுநாள் வரலாம்; மதுரையிலிருந்து போனவர் வர முடியாது.

6. தேதியை நம்புவது எப்போது

ஒசாகாவில் இந்தப் பகுதி 2020 கோடையில் திறப்பதாக முதலில் திட்டம். கொரோனாவால் தள்ளி 2021 பிப்ரவரி 4 என்று தேதியே அறிவித்தார்கள். அதுவும் தள்ளிப்போய் மார்ச் 18 அன்றுதான் திறந்தது. அதே பூங்காவில் டாங்கி காங் பகுதி 2024 வசந்தத்தில் வரும் என்றார்கள், திறந்தது டிசம்பர் 11. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை, இவ்வளவு பெரிய இயந்திர வேலை அப்படித்தான் நகரும்.

எனவே யூடியூபில் ஒருவர் ஊகித்த மாதத்தை வைத்துப் பணம் கட்டாதீர்கள். "திறப்பு விழா பேக்கேஜ், இப்போதே அட்வான்ஸ் கட்டினால் சலுகை" என்று யாராவது சொன்னால், பூங்காவின் சொந்த இணையதளத்தில் அந்தத் தேதிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். தொடங்கவில்லை என்றால் அவர் கையிலும் டிக்கெட் இல்லை.

இன்னொரு விஷயம். ஹாலிவுட்டில் 2023 பிப்ரவரி 17 அன்று திறப்பு என்றாலும், ஜனவரியிலேயே சில நாட்களில் ஒத்திகையாக மக்களை உள்ளே விட்டார்கள். அந்தப் படங்கள் பரவும்போது "திறந்துவிட்டது" என்ற செய்தியும் பரவும். ஒத்திகை முன்னறிவிப்பின்றி நிறுத்தப்படும், அதை நம்பி விமானம் ஏறக்கூடாது.

7. பணம் கட்டும் வரிசை

தேதி உறுதி, உங்கள் வாரமும் முடிவு. இப்போது வலது பக்கம்.

முதலில் அலுவலக விடுப்பு. அடுத்து, ரத்து செய்தால் பணம் திரும்பும் ஹோட்டல் அறை. மூன்றாவது பூங்கா டிக்கெட். அதே நாளில் விமான டிக்கெட். கடைசியில் விசா.

பூங்கா டிக்கெட்டை விமானத்துக்கு முன் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விமானத்தில் இடம் இல்லையென்றால் மறுநாள் விமானம் உண்டு. புதிய பகுதிக்குள் போகும் நேரச் சீட்டு தீர்ந்துவிட்டால் பயணத்தின் நோக்கமே போய்விடும். கோயிலுக்குள் நுழைந்துவிட்டாலும் அம்மன் சந்நிதிக்குத் தனி வரிசை இருப்பதுபோல, பூங்காவுக்குள் போனாலும் நிண்டெண்டோ பகுதிக்குத் தனி அனுமதி கேட்கலாம். ஒசாகாவில் கூட்ட நாட்களில் நேரம் குறித்த சீட்டு இல்லாமல் அந்தப் பகுதிக்குள் விடமாட்டார்கள். சிங்கப்பூர் டிக்கெட் பக்கத்தில் 'இந்தச் சீட்டில் புதிய பகுதி சேர்த்தியா' என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கினாலும் அதில் எந்தெந்தச் சவாரி அடக்கம் என்று பாருங்கள். புதிய சவாரி மட்டும் விடுபட்டிருந்தால் அந்தச் செலவு வீண்.

குடும்பத்தில் யாருக்காவது முன்பு விசா மறுக்கப்பட்டிருந்தால் இந்த வரிசையை மாற்றுங்கள். அவருக்கு விசா கைக்கு வந்த பிறகே மற்ற எதற்கும் பணம் கட்டுங்கள்.

விமானத்துக்கு மதுரை, திருச்சி இரண்டையும் ஒப்பிடுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் அதிகம். காரில் இரண்டரை மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம் போய்விடலாம். மதுரை அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுவதால் பயண வாரத்தைப் போட்டே தேடுங்கள். நள்ளிரவு விமானத்தில் போய் அதே காலையில் பூங்காவுக்கு ஓடும் திட்டம் வேண்டாம். பிள்ளைகள் மதியத்துக்குள் துவண்டுவிடுவார்கள்.

8. விசாவும் வருகை அட்டையும்

இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம், கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலமாகத்தான் பொதுவாக விண்ணப்பிப்பார்கள். அரசுக் கட்டணம் ஓர் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், மறுத்தாலும் திரும்ப வராது. ஏஜென்ட் தன் கட்டணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், மொத்தமாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள்.

படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, அண்மையில் எடுத்தது. ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் என்று சொல்லாமல் சிங்கப்பூர் விசா படம் என்று சொல்லுங்கள்.

வருகை அட்டை வேறு. அதைச் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்தில், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

பையைக் கட்டும்போது தாத்தாவின் புகையிலைப் பொட்டலத்தையும் பிள்ளைகளின் சூயிங்கத்தையும் எடுத்து வைத்துவிடுங்கள். மெல்லும் புகையிலையும் மின்சிகரெட்டும் (வேப்) அங்கே தடை, சூயிங்கமும் கொண்டுபோகக் கூடாது.

9. கார்டும் போனும்

வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்ற பொத்தான் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். அதை இங்கேயே போட்டுவிடுங்கள். ஓடிபி நம் ஊர் சிம்முக்குத்தான் வரும், ஆகவே ரோமிங் வசதியும் வேண்டும். டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டலாம், ரசீதை வைத்திருங்கள்.

10. பவர் அப் பேண்டு

மணிக்கட்டில் கட்டும் இந்தப் பட்டைதான் அந்தப் பகுதியின் விளையாட்டுக்குச் சாவி. டிக்கெட்டில் சேராது, தனியாக வாங்க வேண்டும். கேள்விக்குறிக் கட்டையைக் கையால் இடித்தால் நாணயம் சேர்வதும், சவால்களில் சாவி வெல்வதும், ஒசாகாவில் மூன்று சாவி சேர்த்தபின் பவுசர் ஜூனியரோடு மோதுவதும் இதை வைத்துத்தான். பட்டை இல்லாதவர் சவாரிகளில் ஏறலாம், இவற்றில் சேர முடியாது.

ஆளுக்கொன்று வாங்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். அண்ணன் தம்பிக்குச் சேர்த்து ஒன்று வாங்கினால் சண்டை உறுதி. பூங்காவின் ஆப்பை ஹோட்டல் வைஃபையிலேயே இறக்கி, கணக்குத் தொடங்கி வைத்துவிடுங்கள். பட்டையின் குறியீட்டை ஆப்பில் சேர்க்கும் வேலையைக் கூட்டத்தின் நடுவே, பிள்ளை கையை இழுக்கும்போது தொடங்கினால் அரை மணி நேரம் போய்விடும்.

11. பூங்கா நாள்

ஹார்பர்ஃபிரண்ட் எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி, விவோசிட்டி வளாகத்தின் மூன்றாம் தளத்தில் மோனோரயில் ஏறினால் ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிலையத்தில் இறங்கலாம். கதவு திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள்.

உள்ளே போனதும், நுழைவாயிலில் உள்ள பெரிய உலக உருண்டையின் முன் படம் எடுப்பதை மாலைக்குத் தள்ளுங்கள். நேராகப் புதிய பகுதிக்குப் போங்கள். நேரச் சீட்டு வைத்திருப்பவர்கள் அந்த நேரம் வரை மற்ற சவாரிகளை முடியுங்கள். புதிய பகுதிக்குள் வரிசை இது: மரியோ கார்ட், பட்டை வாங்குவது, சவால்கள், சாப்பாடு, கடை. மரியோ கார்ட்டின் வரிசை நேரம் ஆக ஆக நீளும், அதனால் அது முதலில். சவால்களை நாள் முழுக்கச் செய்யலாம். பொம்மைக் கடை கடைசியில், ஏனென்றால் வாங்கிய பையை நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

மரியோ கார்ட்டில் அம்புக்குறி காட்டும் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும், எதிரியைப் பார்த்தபடி பொத்தானை அழுத்த வேண்டும். பார்வை எங்கே போகிறதோ, எதிரியை அடிக்கும் ஆமை ஓடு அங்கே பாயும். முதல் முறை ஏறும் பலர் கையாலேயே குறிவைக்கப் பார்த்துக் கோட்டை விடுவார்கள். பிள்ளைக்கு வரிசையில் நிற்கும்போதே இதைச் சொல்லிவையுங்கள்.

புளியோதரைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போக முடியாது, வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். காலையில் லிட்டில் இந்தியாவில் இட்லியோ பொங்கலோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் பாட்டிலும் மாற்றுச் சட்டையும் மடக்கு ரெயின்கோட்டும் பையில் இருக்கட்டும். மதியம் பன்னிரண்டரைக்கு எல்லோரும் சாப்பிடப் போகும்போது நீங்கள் சவால்களை முடியுங்கள். இரண்டு மணிக்கு மேல் உட்கார இடம் கிடைக்கும். அப்பத்தாவை அந்த நேரத்தில் குளிர்சாதன அரங்கக் காட்சி ஒன்றில் உட்கார வைத்து, எங்கே, எத்தனை மணிக்குத் திரும்பச் சந்திப்பது என்பதை அவர் கையில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு நகருங்கள். உங்கள் போன் எண்ணும் ஹோட்டல் பெயரும் அதிலேயே இருக்கட்டும்.